பெட்டி வாடை

சார், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா வெச்சுக்கறீங்களா? வெங்காய பக்கோடா எனக்கு ஆகாது. சாப்பிடாதீங்கன்னு சொல்லலை, பசிக்குச் சாப்பிடறதை யாரு வேண்டாம்னா. என்னது, நேந்திரங்கா சிப்ஸா? அப்படியா. அப்ப பின்னாடி சீட்டுல யாராவது பக்கோடா வெச்சிருப்பாங்க. எனக்கு நாக்கும் மூக்கும் அப்படி, ஒண்ணும் தப்பாது.

முப்பத்திநாலு வருஷம் டீ டேஸ்டர் சார் நான். குன்னூர்ல தேயிலை ஏலம் நடக்குதில்ல, அதுல ஒரு புரோக்கர் கம்பெனி. ஒரு நாளைக்கு இருநூறு கப், முந்நூறு கப். வரிசையா வெள்ளைக் கோப்பை, ஒவ்வொண்ணா உறிஞ்சணும், வாய்க்குள்ள சுழட்டணும், துப்பணும். குடிக்கக் கூடாது. துப்பறதுக்கு இடுப்பு உசரத்துல ஒரு தொட்டி, சக்கரம் வெச்சது, காலால தள்ளிக்கிட்டே போகணும். மூணடி தள்ளி நின்னு துப்புவேன், ஒரு சொட்டு வெளியே விழாது. ஆவுடையப்பன் துப்பறதைப் பாக்கறதுக்குன்னே பக்கத்து கம்பெனி ஆளுங்க வருவாங்க. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்ப கோயமுத்தூருக்கு, பொண்ணு வீட்டுக்குப் போறேன். விருந்துக்கு இல்லை. ஒரு நியாயம் கேக்கப் போறேன். அவ அம்மாவைப் பத்தி. நீங்க வெளி ஆளு, உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

என் சம்சாரம் பேரு உலகம்மாள். எனக்கும் அவளுக்கும் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணம் ஆகி மலை ஏறி வந்த அன்னிக்கே உக்கார வெச்சுச் சொல்லிட்டேன். இந்த வீட்டுல வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, பெருங்காயம் கிடையாது. மிளகாய் பேருக்கு. ஊதுபத்தி, சாம்பிராணி, பவுடர், பாச்சை உருண்டை ஒண்ணும் கூடாது. தலையில மல்லிகைப்பூ கூடாது. கனகாம்பரம் வெச்சுக்கோ, அதுக்கு வாசனை இல்லைன்னேன். ஏன்னா டேஸ்டர் வீடு சார், சங்கீதக்காரனுக்குத் தொண்டை மாதிரி. அவளும் சரின்னா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. பொண்ணு வடிவு கல்யாணத்துல ஒரு நாள் மல்லிகைப்பூ வெச்சுக்கட்டுமான்னு கேட்டா. சரி, ஆசைப்படறாளேன்னு விட்டேன். மறுநாள் ஏலச் சாம்பிள் பாக்கணும், அதனால நான் மூணு நாற்காலி தள்ளி உக்காந்தேன். போட்டோவுலகூட அப்படித்தான் இருக்கும். விட்டுக்கொடுக்காம குடும்பம் நடத்த முடியுமா?

நானா? நான் வெளியே நாலு இடத்துக்குப் போறவன். எஸ்டேட் மேனேஜர் வீட்டுல பிரியாணி போட்டா வேண்டாம்னு எந்திரிச்சு வர முடியுமா? அது தொழில் மரியாதை. அப்புறம் ஒரு சிட்டிகை பொடி. மூக்குப்பொடிதான் சார், இருபத்தஞ்சு வருஷமாப் போடறேன். அது மூக்கைத் திறந்துவிடும். இதோ, வேணுமா? பழக்கமில்லையா, நல்லது.

தொழில்ல நான் எப்படின்னு நானே சொல்லிக்கக் கூடாது. ரிட்டயர் ஆன அன்னிக்கு எங்க எம்.டி. மேடையில என் டேஸ்டிங் நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டுப் பேசினார். புதுசா வர்ற பசங்களுக்குப் பாடமா வைக்கறதுக்குன்னு என் குறிப்புகள்ல பன்னண்டு பக்கம் பொறுக்கி எடுத்திருந்தாங்க. பன்னண்டும் திங்கட்கிழமை பக்கம். எம்.டி.யே கேட்டார், அது என்னய்யா திங்கட்கிழமை மட்டும் உமக்கு சரஸ்வதி நாக்குல வந்து உக்கார்றான்னு. ஞாயித்துக்கிழமை லீவுல நாக்கு நல்லா ஓய்வு எடுத்துக்கும் சார், அதான்னு சொன்னேன். கைதட்டினாங்க.

ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க மாட்டேன். கஷ்டமான சாம்பிளா பார்த்துப் பத்துப் பன்னண்டு சின்ன டப்பாவுல வீட்டுக்குக் கொண்டு வந்துடுவேன். உலகம்மாள் அடுப்படியில ஒவ்வொண்ணா டீ போட்டு வெப்பா. நான் கூடத்துல உக்காந்துக்கிட்டு, “என்ன வருது?”ன்னு கேப்பேன். அவ உள்ள இருந்தே, “இது வாடறதுக்கு முன்னாடியே எந்திரத்துல போட்டுட்டாங்க, பச்சை வாசம் போகலை”, “இது கொஞ்சம் தீஞ்சிருக்கு, கடைசி ரெண்டு நிமிஷத்துல”, இப்படி ஏதாவது சொல்லுவா. நான் எழுதிக்குவேன். ஒரு ஒப்பீட்டுக்கு. சாதாரண ஜனம் எப்படி ருசிக்குதுன்னு நமக்குத் தெரியணுமில்ல.

பிடிச்சுக்குங்க, வளைவு வருது.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல ஒரு பங்களா இருக்கு, எட்டு ரூம், வெளியூர்க்காரங்க வந்து தங்கறது. அதை நடத்தறது மிசஸ் நொரோனான்னு ஒரு அம்மா. பூர்வீகம் கோவா. இருபது வருஷமா இங்கதான் இருக்காங்க. தமிழ் நல்லாப் பேசுவாங்க, மரியாதை மட்டும் வராது, கலெக்டரா இருந்தாலும் வா, போ, உக்காருதான். மனசுல ஒண்ணும் கிடையாது. அவங்க சொந்தக்காரங்க போர்ச்சுகல்ல இருக்காங்களாம், அங்க இருந்து ஒயின் வரும். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு விருந்தாளிங்களை உக்கார வெச்சு, டீயும் ஒயினும் ருசி பார்க்கச் சொல்லி, அதுல என்ன இருக்குன்னு எடுத்துச் சொல்றதுக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டிருந்தாங்க. நாக்கு உள்ள ஆளா வேணும்னாங்களாம். குன்னூர்ல நாக்குன்னா வேற யாரு?

எனக்கு ஆசைதான் சார், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. ரெண்டு வருஷமா காலையில எழுந்திரிச்சா போறதுக்கு இடம் இல்லை. மார்க்கெட்டுல பார்க்கறவன் “என்ன சார், சும்மாத்தான் இருக்கீங்களா”ங்கறான். இந்த வேலை கிடைச்சா மறுபடியும் டேஸ்டர் ஆவுடையப்பன். அதனால சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, கோட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வான்னு சொல்லியிருந்தாங்க. “நான் எதுக்குங்க அங்க, அந்தக் கண்றாவியெல்லாம் வெச்சிருப்பாங்க”ன்னா. “நீ பேசாம உக்காந்திரு, சாதமும் தயிரும் போடச் சொல்றேன்”னு கூட்டிக்கிட்டுப் போனேன். தப்புப் பண்ணினது அங்கதான்.

மேஜையில மிசஸ் நொரோனா, ஊட்டியில இருந்து ஒரு டாக்டர், டாக்டரோட சம்சாரம், நாங்க ரெண்டு பேரு. பக்கத்துல ஒரு ஸ்டாண்டுல வெள்ளி வாளி. எனக்குப் பார்த்ததும் சந்தோஷமாயிடுச்சு. பரவாயில்லையே, முறை தெரிஞ்சவங்கதான், தொட்டியெல்லாம் வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். பாட்டில்ல துணி சுத்தியிருந்தாங்க, பேரு தெரியக் கூடாதுன்னு. கிளாஸ்ல ஊத்தினாங்க. வெள்ளை ஒயின்னு சொன்னாங்க, பார்த்தா மஞ்சளா இருக்கு, ஆறின நெய் மேலாகத் தெளிஞ்சு நிக்குமே, அந்த நிறம். அப்பவே எனக்குச் சந்தேகம். பழைய ஸ்டாக்கைத் தள்ளி விட்டிருக்கான் போர்ச்சுகல்காரன்.

எடுத்தேன். உறிஞ்சினேன். நாங்க உறிஞ்சறதுன்னா சத்தம் வரணும் சார், காத்தும் சேர்ந்து உள்ள போனாத்தான் நாக்குல எல்லாப் பக்கமும் படும். அந்த டாக்டர் சம்சாரம் கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டுட்டாங்க. சுழட்டினேன். அப்படியே தலையைத் திருப்பி, மூணடி தள்ளி இருந்த வாளிக்குள்ள துப்பினேன். ஒரு சொட்டு சிந்தலை. எல்லாரும் வாளியையே பாத்தாங்க. அந்த மாதிரி குறியை அவங்க பார்த்திருக்க மாட்டாங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, அந்த வாளி ஐஸ் போட்டு அடுத்த பாட்டிலைக் குளிர வைக்கறதாம். துப்பறதுக்குன்னு மேஜை மேலேயே ஒரு சின்ன மண்ஜாடி வெச்சிருந்தாங்களாம். எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா?

மிசஸ் நொரோனா நல்ல அம்மா. சிரிச்சுக்கிட்டே வாளியை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டு, “சொல்லு ஆவுடையப்பன், எப்படி இருக்கு?”ன்னாங்க.

நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டேன். முதல்ல, இது ரொம்பக் குளிர்ந்து போயிருக்கு, இந்தக் குளிர்ல நாக்கு மரத்துப் போகும், வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வெச்சுத்தான் குடுக்கணும்னேன். அதை மட்டும் அந்த அம்மா ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் நிறத்தைச் சொன்னேன். அப்புறம் முக்கியமானதைச் சொன்னேன். “மேடம், இதுல பெட்டி வாடை இருக்கு.”

உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்துல தேயிலையெல்லாம் ஒட்டுப்பலகைப் பெட்டியில வரும். பலகை சரியாக் காயலைன்னா மரத்து வாடை தேயிலையில ஏறிக்கும். அப்புறம் அது உருப்படாது. ஒருதரம் எழுபத்திரெண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பினேன், கம்பெனியே நடுங்கிப் போச்சு. அது ஒரு திங்கட்கிழமை. அதனால மரம்னா எனக்குத் தெரியும். “இந்தச் சரக்கை மட்டமான மரப்பெட்டியில அடைச்சு அனுப்பியிருக்கான். வாடை ஏறிப்போச்சு. நானா இருந்தா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவேன்”னேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கறீங்களா? ஒரு அனுபவந்தான் சார். உலகம்மாள் பக்கத்துல உக்காந்து கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனவ, “மர வாசம்”னு மெதுவா முணுமுணுத்தா. எனக்கும் அப்பத்தான் அது பட்டுது. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல.

டாக்டர் மீசையைத் தடவிக்கிட்டார். மிசஸ் நொரோனா என்னை விட்டுட்டு அவளைப் பாத்தாங்க. “உலகம்மா, நீ சொல்லு. மரம் தப்பா வந்ததா?”

“அவளுக்கு என்ன மேடம் தெரியும், அவ இதெல்லாம் தொட மாட்டா”ன்னேன். “நான் உன்னைக் கேக்கலை”ன்னாங்க. பாருங்க, அந்தத் தமிழை.

உலகம்மாள் என்னைப் பாத்தா. அப்புறம் கிளாஸைப் பாத்தா. இவ எங்க தொடப்போறான்னு நான் தைரியமா இருந்தேன். சட்டுனு எடுத்து ஒரு வாய் உறிஞ்சினா சார்! அச்சு அசலா எங்க ஆபீஸ் உறிஞ்சல். எங்க கத்துக்கிட்டாளோ. கண்ணை மூடிக்கிட்டு வாய்க்குள்ள சுழட்டி, முந்தானையால வாயை மறைச்சுக்கிட்டு அந்த மண்ஜாடியில துப்பினா. அதை எப்படி அவ மட்டும் கண்டுபிடிச்சாளோ.

அப்புறம் சொல்றா. சமையல்கட்டுல இருந்து சொல்ற அதே குரல். “முதல்ல எலுமிச்சை. பழம் இல்லைம்மா, தோலைக் கிள்ளினா கையில தெறிக்குமே, அது. அப்புறம் வெண்ணெய் உருகற வாசம். இன்னும் நெய் ஆகலை, நுரை அடங்கலை. அதுக்குப் பின்னாடிதான் மரம் வருது. ஆனா இவங்க சொல்ற பெட்டி வாடை இல்லை. அது மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். இது கூடவே கிடந்து ஊறினது. உள்பக்கம் லேசா சுட்ட மரம். வேணும்னே வெச்சிருக்காங்க.”

நான் மேஜைக்கு அடியில அவ காலைத் தட்டினேன். அவ கவனிக்கலை. மறுபடியும் ஒரு வாய்.

“ஒரே சரக்கும் இல்லை இது. மூணு கலந்திருக்கு. ஒண்ணு புளிப்புக்கு, ஒண்ணு திடத்துக்கு, ஒண்ணு வாசத்துக்கு. வாசத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.”

மிசஸ் நொரோனா எழுந்திரிச்சு துணியைப் பிரிச்சு, பாட்டில் பின்னாடி இருந்த சீட்டைப் படிச்சாங்க. மூணு திராட்சை. அரிண்டோங்கறது ஒண்ணு, மத்த ரெண்டும் வாயில நுழையலை. எட்டு மாசம் ஓக் மரப் பீப்பாயில ஊற வெச்சதாம், பீப்பாய்க்கு உள்பக்கம் நெருப்புல வாட்டினதாம். மரத்து வாடை ஏறணும்னே வைக்கறதாம் சார்! எங்க தொழில்ல எதுக்கு எழுபத்திரெண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பினோமோ, அதுக்கு அந்த ஊர்ல காசு குடுத்து வாங்கறான். இது என்ன உலகம்!

டாக்டர் கைதட்டினார். டாக்டர் சம்சாரம் எழுந்து வந்து உலகம்மாள் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மிசஸ் நொரோனா நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க. “உலகம்மா, வர்ற சனிக்கிழமையில இருந்து நீ வா.” நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு. எனக்கு வந்த வேலை சார்! இவ எப்படியும் மாட்டேன்னுடுவான்னு பாத்தேன். “எத்தனை மணிக்கும்மா வரணும்?”னு கேக்கறா.

வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப, அவளா மார்க்கெட்டுகிட்ட நில்லுங்கன்னா. அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கினா. பூண்டு ஒரு கை. பெருங்காயம் ஒரு டப்பா. என்னைக் கேக்கலை. என் முன்னாடியே நின்னு வாங்கினா. அன்னிக்கு ராத்திரி வெங்காய சாம்பார் வெச்சுத் தட்டு நிறையப் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டா, கண்ணுல தண்ணி வந்துது. காரமான்னு கேட்டேன். இல்லைன்னா. பொண்ணுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவளாவது கண்டிப்பான்னு பார்த்தா, “அப்பா, அம்மா சாப்பிட்டாங்களா? எத்தனை கரண்டி?”ன்னு கேக்கறா. என்ன கேள்வி இது?

எனக்கு வர்ற கோவம் என்னன்னா, அவளுக்கு நாக்கு இருக்குன்னே வெச்சுக்குவோம். யாரால? முப்பத்திநாலு வருஷம் வெங்காயம் படாம, பூண்டு படாம, பூ வாசனை படாம பொத்திப் பொத்திப் பாதுகாத்தது யாரு? நான்! அந்த நன்றி வேண்டாமா ஒரு மனுஷிக்கு?

அஞ்சாறு வாரமாப் போறா. வெங்காயமும் சாப்பிடறா, அங்க போய் எல்லாத்தையும் புட்டுப் புட்டும் வைக்கறா. எப்படி முடியுதோ. நானும் கூடப் போவேன், துணைக்கு. வராண்டாவுல உக்காந்து பேப்பர் படிப்பேன். உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் கேக்கும். வீட்டுல அவ சிரிச்சு நான் கேட்டதில்லை. அதாவது, கவனிச்சதில்லை.

போன சனிக்கிழமை மிசஸ் நொரோனா வெளியே வந்தாங்க. “நீ ஏன் இங்க உக்காந்திருக்கே, உள்ள வா”ன்னாங்க. நான் பிகு பண்ணிக்கலை, போனேன். பன்னண்டு பேரு மேஜையைச் சுத்தி. “இது உலகம்மாவோட புருஷன், குன்னூர்லயே பெரிய டேஸ்டர்”னு சொல்லி உக்கார வெச்சாங்க. எல்லாரும் எழுந்து வணக்கம் சொன்னாங்க. மனசு நிறைஞ்சு போச்சு சார். அதே போர்ச்சுகல் ஒயின்தான். என் கையில ஒரு கிளாஸ். எல்லாரும் என் வாயைப் பார்க்கறாங்க. இந்தத் தடவை பதவிசாத்தான் உறிஞ்சினேன். மண்ஜாடியிலதான் துப்பினேன்.

துப்பிட்டு, வழக்கம்போல பக்கத்துல திரும்பி, “என்ன வருது?”ன்னு மெல்லக் கேட்டேன்.

அவ சொல்லலை சார். முப்பத்திநாலு வருஷத்துல நான் கேட்டு அவ சொல்லாம இருந்தது அதுதான் முதல் தடவை. கோவமெல்லாம் இல்லை. கையை மேஜை மேல வெச்சுக்கிட்டு என்னையே பாக்கறா. “நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன தெரியுது?”ன்னா.

பயந்துட்டேன் சார். நிஜமாச் சொல்றேன். இன்னொரு வாய் எடுத்தேன். லேசாப் புளிப்பு. அவ்வளவுதான். எலுமிச்சையும் இல்லை, வெண்ணெயும் இல்லை, மரமும் இல்லை. தண்ணியில புளியைக் காட்டின மாதிரி இருக்கு. ஒருவேளை அன்னிக்கு எனக்குச் சளி பிடிச்சிருக்கலாம். பன்னண்டு பேரு பாக்கறாங்க. என்ன சொல்றது? “நல்லாருக்கு”ன்னேன். எங்க ஆபீஸ்ல ஒரு பையன் கப்பைக் கையில வெச்சுக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

யாராவது சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அவ சிரிக்கலை. “சரி. அப்புறம்?”னா. ரொம்பப் பொறுமையா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்கற மாதிரி காத்துக்கிட்டிருக்கா. நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு எழுந்திரிச்சு, அப்படியே கேட்டைத் தாண்டி நடந்து வீட்டுக்கு வந்துட்டேன்.

இன்னிக்கு மூணாவது நாள். அதைப் பத்தி அவ பேச்சே எடுக்கலை. காபி குடுக்கறா, சாப்பாடு போடறா. எனக்குத்தான் டம்ளரைக் கையில எடுத்தாலே, ஒவ்வொரு வாய்க்கும் அந்த “அப்புறம்?” வந்து நிக்குது. அதான் கிளம்பிட்டேன். பொண்ணுகிட்ட சொல்லி, உங்கம்மாவை இதோட நிறுத்தச் சொல்லுன்னு கேக்கப் போறேன்.

ஆனா வடிவு என் பொண்ணு இல்லையா, முதல் கேள்வியே, “அம்மா உங்களை என்னப்பா செஞ்சாங்க?”ன்னுதான் கேப்பா. குன்னூர்ல ஏறினதுல இருந்து அதுக்குத்தான் யோசிச்சுக்கிட்டே வர்றேன். திட்டினாளா? திட்டலை. நாலு பேரு முன்னாடி குறைச்சுப் பேசினாளா? அதுவும் இல்லை. உங்களுக்கு என்ன தெரியுதுன்னு கேட்டா. அவ்வளவுதான் சார் கேட்டா. இதைப் போய் எப்படி சார் பொண்ணுகிட்ட சொல்றது?